எங்கள் தெருவின் கப்பல் போக்குவரத்து

மதுரையில் இருந்துகொண்டு படகு செய்கிறேன் என்று சொன்னால் யாரும் படகைப் பற்றிக் கேட்பதில்லை. "தண்ணிக்கு எங்க போவ?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வைகையில் பெரும்பாலும் மணலும் புதரும்தான் இருக்கின்றன. தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, மோட்டார் பூட்டும் முன் மிதக்கிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கரை முழுக்க ஜனம். நடக்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள், போட்டோ பிடிக்கிறவர்கள். அத்தனை பேருக்கு நடுவில் நரைத்த தலையோடு ஒருவன் பையிலிருந்து பொம்மைப் படகை எடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே குளத்தை ஒரு சுற்று சுற்றினேன். பிறகு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, அதே பையோடு பஸ் ஏறி விளாங்குடியில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டேன். பை கடைசிவரை திறக்கப்படவில்லை.

கடைசியில் தண்ணீர்தான் என்னைத் தேடி வந்தது. ஐப்பசி மழையில் எங்கள் தெருவுக்கே வந்து, வீட்டு வாசலில் நின்றது. நின்றதோடு போகவும் மறுத்துவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் முன்பு ஒரு வாய்க்கால் இருந்தது. மழைத் தண்ணீர் அதில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும். அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. மண்டபம் என்றால் கார் நிறுத்த இடம் வேண்டும். வாய்க்காலின் மேல் மண்ணைக் கொட்டி, சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். மண்டபத்துக்காரர் கெட்டவர் இல்லை. யாரைப் பார்த்தாலும் கும்பிடுவார், காலனியில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாடகையில் குறைத்துக்கொள்வார். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அடியில பெரிய குழாய் போட்டிருக்கேன்ல" என்பார். அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை. சாமியை நம்புவதுபோல அதையும் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். "அதுவும் கணுக்கால் தண்ணி, அதுக்குப் போயி இம்புட்டுப் பேச்சா?" என்றும் சொல்வார். அவர் எப்போதும் மெயின் ரோட்டு வாசல் வழியாகக் காரில் வந்து, காரிலேயே போய்விடுவார். எங்கள் தெருப் பக்கம் அவர் கால் பட்டதில்லை. மண்டபத்துச் சுவருக்கு வெளியே வாய்க்காலின் மூடாத வாய்ப்பகுதி ஒரு பள்ளமாகக் கிடந்தது. தண்ணீர் நின்றால் தெருவும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தெரியும்.

தெருவின் தாழ்வான பக்கத்தில் முதல் வீடு அக்காவுடையது. கீழே அக்கா, மாடியில் நான். அத்தான் இறந்த பிறகு அக்கா ரவிக்கை தைத்துத்தான் பெண்ணைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம், "பையன் பேசுவாருல்ல?" என்று அக்காவிடம் கேட்டார்கள். பேசுவேன் என்பதை என்னால் பேசி நிரூபிக்க முடியவில்லை. அதனால் என்ன, எனக்காக அக்கா பேசிவிடுவாள். காய்கறிக்காரரிடம், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரிடம் எல்லாம் அவள்தான் பேசுவாள். என் குரல் கீழ் வீட்டில் குடியிருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அந்த மழையில் தண்ணீர் அக்காவின் வீட்டுக்குள் புகுந்தது. தையல் மெஷினைக் கட்டிலின் மேல் ஏற்றினோம். அக்கா கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கூரை வீட்டுக்குள் யானை புகுந்ததுபோல நிற்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூரிலிருந்து பெண் தினமும் போன் செய்தாள். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்றாள். புரோக்கர் ஒருவர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டைப் பார்த்துவிட்டும் போனார்.

"பொங்கலுக்குள்ள இதுக்கு ஒரு வழி பொறக்கலைன்னா முடிச்சிருவேன்டா" என்றாள் அக்கா. "திருப்பூர்ல போயி சோபாவுல உக்காந்து சீரியல் பாக்குறேன். ஒனக்கு ஒரு ரூமு பாத்துக்க."

சீரியல் பார்க்கும்போதும் எழுந்து எழுந்து போய் எதையாவது தைக்கிறவள் அவள். சொல்லும்போதே அவள் முகம் சரியில்லை. எனக்கும் சரியில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தபோது, எனக்கு முதலில் தோன்றியது கவலை அல்ல. இவ்வளவு நீளமாக, அலையே இல்லாமல், வேடிக்கை பார்க்கக் கூட்டமும் இல்லாமல் ஒரு தண்ணீரா என்றுதான் தோன்றியது.

படகைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நான் டவுனில் ஒரு மிக்ஸி ஸ்பேர் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். படிப்பு பத்தாவது. எனக்கு ஏற்ற வேலை; வருகிறவர்கள் உடைந்த சாமானைக் கவுண்டரில் வைப்பார்கள், நான் புதியதை எடுத்து வைப்பேன், இரண்டு பக்கமும் பேச்சு அதிகம் தேவைப்படாது. அதிகம் போவது கப்ளர். மிக்ஸிக்கும் ஜாருக்கும் நடுவில் பல் பல்லாக இருக்குமே, அந்த ரப்பர் சாமான். மோட்டார் சுற்றுவதை ஜாருக்குள் இருக்கும் பிளேடிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். ஜாரில் ஏதாவது சிக்கிக்கொண்டால் முதலில் உடைவதும் அதுதான். அது உடைவதால்தான் மோட்டார் பிழைக்கிறது. இதைச் சொல்லி விளக்கினால், "அப்பக் கெட்டியா ஒண்ணு குடுங்கண்ணே, ஒடையாததா" என்று கேட்பார்கள். நானும் விளக்குவதை நிறுத்தி வெகுகாலமாகிறது.

ஒருநாள் போனில் எதையோ தேடப்போய் ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோ வந்தது. பொம்மைப் படகுக்கு மோட்டார் பூட்டுகிறார். மோட்டாரிலிருந்து ஒரு கப்ளர், கப்ளரிலிருந்து மெல்லிய கம்பி போன்ற ஷாப்ட், அது ஒரு பித்தளைக் குழாய்க்குள் புகுந்து படகின் அடிவழியாக வெளியே போகிறது, அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி. என் கடைக் கப்ளரின் தம்பி ஒன்று தண்ணீரில் பிழைப்பு நடத்துகிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் எந்த வீடியோவிலும் முகத்தைக் காட்டுவதில்லை, கைகள் மட்டும்தான் வரும். உலகத்தில் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருடைய எல்லா வீடியோவையும் பார்த்தேன்.

படகின் உடலை மெல்லிய ப்ளைவுட்டில் நானே செய்தேன். மோட்டார், ரிமோட், ஷாப்ட், விசிறி எல்லாம் தபாலில் வந்தன. பூட்டுவதுதான் பாக்கி. இத்தனை வருடம் கப்ளர் விற்கிறவனுக்கு அது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. விற்பதற்கும் பூட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. மாப்பிள்ளைச் சட்டை விற்கிறவர் எல்லாம் மாப்பிள்ளை ஆகிவிட முடியாது, அதற்கு நானே சாட்சி.

ஷாப்ட் படகுக்குள் சாய்வாக வரும். ஏனென்றால் அதன் பின்நுனி தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும், முன்நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வழியாகவே படகு தண்ணீர் குடித்துவிடும். நான் மோட்டாரைத் தட்டையாகத் தரையில் ஒட்டினேன். ஒன்று சாய்வு, ஒன்று படுக்கை. நடுவில் கப்ளருக்குப் பதிலாக இரண்டு சக்கர வண்டியின் பெட்ரோல் ட்யூபில் ஒரு நீளத் துண்டை வெட்டி இரு முனையிலும் சொருகிக் கம்பியால் கட்டினேன். ரப்பர்தானே, வளையும், வளைகிற சாமான் எதையும் பொறுத்துப்போகும் என்று எண்ணம்.

சுவிட்சைப் போட்டேன். அறுபட்ட பல்லி வால் துடிக்குமே, அப்படித் துடித்தது அந்த ட்யூப். படகு மேஜைமேல் குதித்தது. பொட்டுக்கடலையைத் தண்ணீர் விடாமல் அரைக்கிற சத்தம்.

"மேல என்னடா அரைக்கிற?" என்று கீழேயிருந்து அக்கா கத்தினாள். "எனக்கு இங்க கட்டிலே ஆடுது!"

மேலே வந்து படகைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். விசிறியை விரலால் தொட்டாள். பிறகு, "இது மெய்யாவே தண்ணியில ஓடுமா?" என்றாள்.

"ஓடணும்."

"அப்பத் தெருவுல விடு. நம்ம செயலாளர் சாரு போன்ல படம் பிடிக்கட்டும். இவிங்க தெருவுல கப்பல் ஓடுதுன்னு ஊரே பாக்கட்டும். அப்பவாச்சும் அந்த மனுசனுக்குக் கூச்சம் வருதான்னு பாப்போம்."

செயலாளர் என்பவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், ரிட்டையர் ஆன வங்கி ஊழியர், காலனிச் சங்கத்தின் செயலாளர். அந்தத் தண்ணீரைப் பற்றி எல்லா இடத்துக்கும் மனு எழுதிப் போட்டு, எங்கிருந்தும் பதில் வராமல், எழுதும் சுகத்துக்காகவே எழுதுகிற நிலைக்கு வந்திருந்தார். அக்கா சொன்னதும் அவருக்குக் கண் மின்னியது. "அருமையான யோசனைம்மா! இது சாத்வீகமான எதிர்ப்பு!" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. படகு ஓடினால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் படகு ஓடாது. படகை ஓட்டாமலே விட்டால் தண்ணீர் நிற்கும், அக்கா போய்விடுவாள். இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எனக்கு ஏதோ ஒன்று குறைந்தது. ஆனால் குறைவதில் எது பெரியது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் ஓட்டம் டிரான்ஸ்பார்மர் வரைக்கும்தான். படகு உறுமிக்கொண்டு கிளம்பி, வாலை ஆட்டிக்கொண்டே போய், ட்யூப் கழன்று நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து இரைந்தது. மாடிகளிலிருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணே, சட்னி ரெடியா?" என்று ஒருத்தர் கேட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போய்ப் படகை எடுத்து வந்தேன். அன்று முழுக்க ஜன்னல் பக்கமே போகவில்லை.

"எறங்குனது எறங்கியாச்சு" என்றாள் அக்கா, சாப்பாடு போடும்போது. "சரியாப் பண்ணு. அரைகொறையா விட்டுட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா நான் என்ன பண்ண?"

அந்த வாரம் வேலை முடிந்து வந்து தினமும் அந்த முகமில்லாத மனிதரின் கைகளைப் பார்த்தேன். முன்பு வேடிக்கையாகப் பார்த்தது இப்போது பாடமாக இருந்தது. அவர் முதலில் கப்ளரையே தொடவில்லை. ஒரு சின்னப் பித்தளைக் குழலை எடுத்து, மோட்டாரின் முனையையும் ஷாப்டின் முனையையும் அதற்குள் சொருகி, இரண்டையும் ஒரே கம்பிபோல ஆக்கிவிட்டார். குழல் வளையாது, பொறுக்காது, சமாதானம் சொல்லாது. மோட்டார் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கையால் சுற்றும்போது எங்கேயாவது இறுகும். அந்த இறுக்கம் போகிறவரை மோட்டாருக்கு அடியில் முட்டுக் கொடுத்து, தூக்கி, சாய்த்து, நகர்த்தி, அதற்கப்புறம்தான் மோட்டாரை ஒட்டினார். பசை காய்ந்த பிறகு பித்தளைக் குழலை உருவிவிட்டு அங்கே ரப்பர் கப்ளரைப் போட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வளைகிற கப்ளர் கோணலைச் சரிசெய்வதற்காக இல்லை. கோணலைச் சரிசெய்த பிறகும் மிச்சமிருக்கிற துளி அதிர்வைத் தாங்குவதற்குத்தான் அது. நான் ரப்பரை நம்பி நேராக வைக்காமல் விட்டவன். யோசித்துப் பார்த்தால், அக்கா என்னும் ரப்பரை நம்பி என் வாழ்க்கையில் நான் நேராக வைக்காமல் விட்டவை நிறைய. அந்த யோசனை பிடிக்கவில்லை, வேலையைப் பார்த்தேன்.

ஒட்டியிருந்த மோட்டாரைச் சுரண்டி எடுத்தேன். ஷாப்டின் சாய்வுக்கு ஏற்றபடி ஒரு மரச்சக்கையைச் சீவி மோட்டாருக்கு அடியில் வைத்தேன். பித்தளைக் குழலைச் சொருகி விரலால் சுற்றினேன். இறுகியது. கடையிலிருந்து கொண்டுவந்த காலிக் கப்ளர் டப்பாவின் அட்டையை வெட்டி முட்டுக் கொடுத்தேன். அரைச்சுற்றில் இறுகியது. இன்னொரு அட்டை. இப்போது இறுக்கமில்லை. சந்தோஷப்பட்டு பேட்டரியை உள்ளே வைத்தேன், மறுபடி இறுகியது. மெல்லிய ப்ளைவுட், பேட்டரியின் கனத்தில் லேசாக வளைகிறது. ஆக, சுமையை ஏற்றிவிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். காலியாக இருக்கும்போது எல்லாம் நேராகத்தான் இருக்கும். பேட்டரியோடு வைத்து, மறுபடி முதலிலிருந்து.

பசை காய்ந்ததும் குழலை உருவினேன். இரண்டு முனைக்கும் நடுவில் அரிசி நுழைகிற இடைவெளி விட்டு, அதே பெட்ரோல் ட்யூபில் சின்னத் துண்டாக வெட்டிச் சொருகினேன். குழாய்க்குள் கிரீஸ் அடைத்தேன். அது ஷாப்டுக்கு வழவழப்பு, தண்ணீருக்குத் தடை. பின்னால் விசிறிக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்து முடுக்கி, அட்டையை உருவிக்கொண்டேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரண்டும் உரசும். பத்திரிகை மண்டபத்துக்காரரின் வீட்டுக் கல்யாணத்துடையது, நல்ல கெட்டி அட்டை.

சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து, "என்னடா நிறுத்திட்ட?" என்றாள் அக்கா.

இரண்டாம் ஓட்டம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், பள்ளத்துக்கு மேலே அழகாகத் திரும்பி, வாசலுக்கே வந்தது. செயலாளர் படம் பிடித்து, "எங்கள் தெருவின் கப்பல் போக்குவரத்து. என்று தீரும் இந்தத் துயரம்?" என்று எழுதி காலனியின் போன் குரூப்பில் போட்டார். என் முகம் வரக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டிருந்தேன். கைகள் மட்டும் வந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. "சூப்பர் சார்." "எங்க வாங்குனீங்க?" "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" "என் பேரனுக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" படகு மிதந்த தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசியில் மண்டபத்துக்காரரே எழுதினார்: "நம் காலனிக்குப் பெருமை! இந்தத் திறமைசாலியைக் கௌரவிக்க வேண்டும். ஞாயிறு காலை தெருவிலேயே விழா. டிபன் நம் மண்டபத்தில்." அதற்குக் கீழே மறுபடி கைதட்டும் பொம்மைகள்.

அக்கா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா ஓட்டுனடா" என்றாள். "ரொம்பவே நல்லா ஓட்டிட்ட." அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் புரோக்கருக்குப் போன் செய்து, பொங்கல் கழித்து வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்காரர் முதல்முறையாக எங்கள் தெருப் பக்கம் வந்தார். மண்டபத்துப் பின்வாசல் படியில் நின்று, ஜரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கும்பிட்டார். "மாப்ள! கலக்கிட்ட போ!" என்று என் தோளில் தட்டினார். நான் அவருக்கு எந்த வகையிலும் மாப்பிள்ளை இல்லை. பொன்னாடை போர்த்தினார். ஏதாவது பேசச் சொன்னார்கள். "நன்றி" என்றேன். மைக் எனக்கு முன்பே அணைந்துவிட்டிருந்தது.

"இன்னிக்கு ரிமோட்டு நான் பிடிக்கிறேன்" என்றார் அவர். எல்லோரும் போனை எடுத்தார்கள்.

புதிதாக எது ஓடினாலும் முதலில் பூஜை போட வேண்டும். அவருடைய டிரைவர் தேங்காய், பழம், சந்தனம், குங்குமத்தோடு தயாராக வந்திருந்தார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதுதான் வழக்கம், இதற்குச் சக்கரம் இல்லை. டிரைவர் படகைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கண்ணே வைக்க?" என்று என்னைக் கேட்டார். நான் பதிலைத் தேடுவதற்குள் அவரே ஒரு பழத்தை முன்னால் நசுக்கிப் பிழிந்துவிட்டார். படகின் மூக்கில் சந்தனம், குங்குமம். பிறகு ஒரு முழம் மல்லிகைச் சரத்தை எடுத்துப் படகைச் சுற்றிக் கட்டினார். சரம் நீளம். மிஞ்சிய முனை பின்பக்கமாக வழிந்து, விசிறிக்கு நேர் மேலே தொங்கியது.

நான் பார்த்தேன். நூல் தண்ணீரைத் தொட்டதுமே விசிறி அதை இழுத்துக்கொள்ளும். ஷாப்டில் சுற்றும். பத்திரிகை அட்டை அகலத்துக்கு நான் விட்ட இடைவெளி முழுவதும் நூலால் அடைபடும். விசிறி நிற்கும், மோட்டார் நிற்காது, நடுவில் இருக்கிற ட்யூப் கிழியும். எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. "அந்தப் பூவை எடுத்துருங்க" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அத்தனை பேர், அத்தனை போன், சாமி காரியம், சந்தனம் வேறு. தொண்டையில் ஒன்றும் வரவில்லை. வராததா, நான் வரவைக்காததா என்று அக்கா பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறாள். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல?

படகு கிளம்பியது. கைதட்டினார்கள். மண்டபத்துக்காரர் ரிமோட்டைக் கார் ஸ்டியரிங்போலத் திருப்பினார். படகு அவர் சொன்னபடி எல்லாம் போய், படிக்கு நேரெதிரே சற்றுத் தூரத்தில், வாய்க்காலின் வாய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முனகலோடு நின்றது. கொஞ்சம் மல்லிகைப் பூ உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது.

"என்ன மாப்ள, நின்னுருச்சு?"

நான் வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தேன். அதற்குள் அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"அவன் எதுக்குண்ணே? இந்தா, பக்கத்துலதான் நிக்கிது. கணுக்கால் தண்ணிதானே! நீங்களே ஒரு எட்டு எடுத்துட்டு வந்துருங்க. படம் நல்லா விழுகும்."

அவருக்கு அது சரியென்றுதான் பட்டது. பாவம், அவர் கணுக்கால் தண்ணீரை மனதார நம்பியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டி நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, போன்களைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினார். முதல் அடி கணுக்கால்தான். இரண்டாவதும் கணுக்கால்தான். எங்களைப் பார்த்து, பார்த்தீங்களா என்பதுபோலத் தலையை ஆட்டினார். அடுத்த அடியில் இடுப்புவரை காணாமல் போனார்.

"ஆத்தி!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவர் விழவில்லை. நின்றார். ஒரு கையில் படகைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, அதை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை; சிரித்தால் டிபன் கிடைக்காது. டிரைவர் ஓடிப்போய்க் கை கொடுத்து ஏற்றினார்.

அக்கா துண்டோடு நின்றாள். "உள்ள வாங்கண்ணே, காலைக் கழுவிக்கங்க. செருப்பு போட்டுக்கிட்டே வரலாம், உள்ளயும் தண்ணிதேன்."

அவர் உள்ளே வந்தார். வேட்டியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. எங்கே சொட்டினாலும் தெரியாதபடி தரையிலும் தண்ணீர் இருந்தது. கட்டிலின் மேல் நிற்கும் மெஷினைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். அடுப்பு, கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்தார். மெஷின்மேல் ஊசி குத்தி வைத்திருந்த ரவிக்கைத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டே அக்கா, "ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குத் தச்சதும் இந்த மிசினுதேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இதுக்குள்ளயா இருக்க தாயி?" என்றார் அவர்.

அதே வாரத்தில் ஆட்கள் கடப்பாரையோடு வந்து மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்ட் கற்களைப் பெயர்த்தார்கள். தெருவே போய் நின்றது. தோண்டத் தோண்ட, உள்ளபடியே ஒரு பெரிய குழாய் வந்தது. மண்டபத்துக்காரருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "சொன்னேன்ல! சொன்னேன்ல! குழாய் இருக்குன்னு!" என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் காட்டினார். குழாய் நிறைய பிளாஸ்டிக் டம்ளர்களும் எச்சில் இலைகளும் இருந்தன. எத்தனையோ ஜோடிகளின் கல்யாணச் சாப்பாடு அதற்குள் அடைத்துக்கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பது நிரூபணமாகிவிட்டதால், சுத்தம் செய்யும் செலவை அவரே தாராளமாக ஏற்றுக்கொண்டார். செயலாளர் தன் மனுக்களின் வெற்றி என்று குரூப்பில் எழுதினார்.

தண்ணீர் ஒரே இரவில் போய்விட்டது. காலையில் தெருவில் சேறும், ஒற்றைச் செருப்புகளும், யாருடையதோ ஒரு ஹெல்மெட்டும் இருந்தன. மெஷினைக் கட்டிலிலிருந்து இறக்கினோம். பொங்கல் வந்தது, புரோக்கரும் வந்தார். "வீடா? யாரு விக்கிறா?" என்று அக்கா அவரையே திருப்பிக் கேட்டாள்.

நான் மாடியில் உட்கார்ந்து படகின் ஷாப்டிலிருந்து நூலை வெட்டி எடுத்தேன். அக்காவின் மெஷின் பாபினில் சுற்றியதுபோல அத்தனை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ட்யூப் கிழிந்திருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஷாப்டும் வளையவில்லை. புது ட்யூப் சொருகி விரலால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இறுக்கமில்லை. இவ்வளவு நேராக நான் எதையும் செய்ததில்லை. ஓட்டத்தான் இடமில்லை.

கோடையில் ஒருநாள் எதிர்பாராமல் பெரிய மழை. தெருவே வாசலில் வந்து நின்றது, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க. நிற்கவில்லை. சளசளவென்று ஓடிப்போய்க் குழாய்க்குள் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஒரு கையில் பை இருந்ததால் சத்தம் வரவில்லை.

"பையில என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். படகின் மூக்கு கையில் பட்டது. என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டு ஆசையா?" என்றாள். பிறகு, "அலங்காநல்லூர் பக்கம் எனக்கு ஒரு பழைய கஸ்டமரு இருக்காங்க. தோட்டத்துல பெரிய குட்டை வெட்டி, தார்ப்பாய் விரிச்சுத் தண்ணி நிப்பாட்டியிருக்காங்க. நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்க வேணாம், வந்தாப் போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் படகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "இது என்னது?" என்று என்னைக் கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"என் தம்பி செஞ்சதுக்கா. மிக்ஸி மாதிரித்தேன், வேற ஒண்ணுமில்ல. ஜாரு மட்டும் தண்ணிக்குள்ள இருக்கும். நடுவுல ஒரு ரப்பரு. அது வளையும், அதனால எப்படி வச்சாலும் ஓடும்."

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கடைசியில் சொன்னது தப்பு. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்த சீட்டுக்காரருக்கும் விளக்க ஆரம்பித்துவிட்டாள்.